திருத்தம் கேட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். இந்த இதழின் கடைசி ஃபாரத்தை மெஷினில் ஏற்றிக்கொண்டிருந்தோம். போன் வந்தது. "பாய், உங்க அண்ணன் போய்ட்டாரு" என்றார் ஏகாம்பரத்தின் மனைவி சகுந்தலா அம்மா. "எங்கம்மா?" என்று கேட்டுவிட்டேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். "காத்தால தூக்கத்துலயே பாய்" என்றார் அவர். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு வியாசர்பாடிக்குக் கிளம்பினேன்.

ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடியில், புத்தர் படத்துக்குக் கீழே அவரைக் கிடத்தியிருந்தார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றியிருந்ததால் எனக்கு அவரை அடையாளம் பிடிபடவே சற்று நேரமானது. பதினாறு வருடப் பழக்கத்தில் கண்ணாடி இல்லாத ஏகாம்பரத்தை நான் பார்த்ததே இல்லை. புத்த சரணம் சொல்லி முடித்த பிறகு சகுந்தலா அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, சமையலறை அலமாரியைக் காட்டினார். மேல் இரண்டு தட்டில் மளிகைச் சாமான், கீழ் இரண்டு தட்டில் புத்தகம். "இதுல உங்குளுது எதுனா இருந்தா எடுத்துக்கங்க பாய். யாரு புக்கையோ வெச்சிக்கினு போனான்னு பேரு வரக்கூடாது" என்றார். என்னுடையது நான்கு இருந்தன. எடுக்கவில்லை.

இந்த இதழை ஆரம்பத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு ஏகாம்பரத்தை நன்றாகத் தெரியும். ஆறு வருடம் 'படித்தவை' என்ற பக்கத்தை எழுதியவர் அவர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் பேராசிரியர் அல்ல, பத்திரிகைக்காரரும் அல்ல. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் முப்பது வருடம் சர்வேயர் வேலை பார்த்தவர். கப்பலிலிருந்து இறங்கிவரும் காலிப் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்து, எங்கே நசுங்கல், எங்கே துரு, எங்கே ஓட்டை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. புத்தகத்தையும் அப்படித்தான் பார்த்தார். அதனாலேயே எழுதுகிறவர்கள் பலருக்கு அவர் பேரைக் கேட்டாலே பயம்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணிக்கு, டோல்கேட் பக்கத்துச் சந்தில் இருக்கும் என் அச்சகத்தின் மாடியில் நாம் கூடுவோம். காகித ரீம்கள் மேல் உட்கார்ந்து, அந்த மாதம் படித்த கதையோ கட்டுரையோ எதுவானாலும் ஆளுக்கு ஐந்து நிமிடம் கருத்துச் சொல்ல வேண்டும். ஏகாம்பரத்துக்கு ஐந்து நிமிடம் தேவைப்பட்டதே இல்லை. ஒரு பயணநூலைப் பற்றி, "இவரு பதினோரு தேசம் சுத்திக்கீறாரு. எல்லாத்துலயும் இவரு மட்டுந்தான் கீறாரு, வேற ஆளே இல்ல" என்றார். எல்லோரும் அழுதுகொண்டே படித்ததாகச் சொன்ன ஒரு நாவலைப் பற்றி, "டீ கெட்டுப் போச்சின்னா சக்கரை அள்ளிப் போடுவாங்கல்ல, அந்தாளு அது மாரி சாவு போட்டுகினே போறாரு" என்றார். உப்பளங்களின் வரலாற்றைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்துக்கு மட்டும் எழுந்து நின்று பேசினார். "ஷோக்கான புக்கு. முன்னுரைய மட்டும் கிழிச்சிட்டுப் படிங்க. அத்த எழுதினவரு உள்ளயே போவல." பாராட்டும்போது அவருடைய குரல் இறங்கிவிடும். திட்டும்போது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒருமுறை அவருடைய யார்டுக்குப் போயிருந்தேன். சித்திரை வெயில். நாற்பது அடிப் பெட்டி ஒன்றை நாலு பக்கமும் தட்டிப் பார்த்து, குனிந்து அடிப்பலகையைப் பார்த்து, "வா பாய், உள்ள" என்று என்னையும் ஏற்றிக்கொண்டு, வெளியே நின்ற ஆளிடம் கதவைச் சாத்தச் சொன்னார். கும்மிருட்டு. உள்ளே அடுப்பில் வைத்தது போல வெந்தது. எனக்கு மூச்சு முட்டியது. அவரோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நிதானமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அங்க பாரு, மேல, மூலையில." ஊசிமுனை அளவு வெளிச்சம். "வெளிய நின்னுகினு நாளெல்லாம் பாத்தாலும் இது தெரியாது. உள்ள பூந்து கதவச் சாத்தணும். ஒரு மழை போதும், உள்ள ஏத்துன துணி பூரா நாறிடும்." வெளியே வந்து சட்டையைப் பிழிந்துவிட்டு ரிப்போர்ட் எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு சொன்னதுதான் எனக்கு முக்கியம். "இதுக்கு மேல இதுல ஒரு புள்ளி மாறுனாலும் அது என் ரிப்போர்ட் இல்ல பாய்."

கேட்டுக்கொண்டேன். கேட்டும் செய்தேன்.

நான்கு வருடங்களுக்கு முன், துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றிய 'பதினேழாம் எண் கிடங்கு' என்ற நாவல் வந்தபோது எல்லோரும் அதைக் கொண்டாடினார்கள். நம் நாற்பத்தொன்பதாம் இதழுக்கு ஏகாம்பரம் அதைப் பற்றி எழுதித் தந்தார். முதல் பாதியில் பாராட்டு. இரண்டாம் பாதியில், அவர் பாணியில், நேராக ஒரு பத்தி. அந்த நாவலாசிரியர் எங்கள் ஐம்பதாவது இதழ் விழாவுக்கு வர ஒப்புக்கொண்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது. நான் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பத்தியை அடித்தேன். அந்த இடத்தில், "சில இடங்களில் விவரிப்பு இன்னும் கூடியிருக்கலாம் எனினும், துறைமுக வாழ்வை அறிய விரும்புவோர் தவறவிடக்கூடாத நாவல்" என்று நானே எழுதிச் சேர்த்தேன். கீழே அவர் பெயர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

இதழ் வந்த மறுநாள் அச்சகத்துக்கு வந்தார். டீ வாங்கித் தந்தேன். குடித்து முடித்துவிட்டு அந்தப் பக்கத்தைப் பிரித்து, கடைசி வரி வரை நிதானமாக வாய்விட்டு வாசித்தார்.

"யாரு பாய் இத்த எழுதினது?"

"அண்ணே, விழா வேற வருது. ரெண்டு வரிதான்."

"ரெண்டு வரிதான். கையெழுத்து எனுதாச்சே."

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி, மனம் ஆறியிருப்பேன். அவர் எழுந்து, "சரி வுடு. அடுத்த இதழ்ல திருத்தம் போட்ரு. போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த இதழ்தான் ஐம்பதாவது. அதில் எப்படிப் போடுவது? விழாவில் நாவலாசிரியர் மேடையிலிருந்தே, "இந்தச் சிறுபத்திரிகையின் விமர்சகர் என் நாவலை ஆழமாக உள்வாங்கியிருக்கிறார்" என்றார். கூட்டம் முடிந்ததும் மூன்றாவது வரிசையில் இருந்த ஏகாம்பரத்தைத் தேடிப்போய்க் கைகொடுத்தார். ஏகாம்பரம் மரியாதையாகக் கைகுலுக்கி, "அது நான் எழுதினது இல்ல சார்" என்றார். நாவலாசிரியர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு தோளைத் தட்டிவிட்டுப் போனார். பக்கத்தில் மாலைத் தட்டோடு நான் நின்றிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. உடம்பு சரியில்லை என்று உங்களில் பலரிடம் நான் சொன்னது பொய். உடம்பு கெட்டது பின்னால்தான். இரண்டாவது ஞாயிறுகளில் தவறாமல் வந்தார், கருத்துச் சொன்னார், வாதாடினார், எல்லோரையும் சிரிக்க வைத்தார். என்னிடமும் எப்போதும் போலத்தான் பேசினார். புதிய இதழ் வந்ததும் திருத்தங்கள் வரும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்ப்பார். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். பத்து இதழ் அப்படிப் போனது. முதலில் நாவலாசிரியருக்குப் பயந்தேன் என்பது உண்மை. பிறகு அவரை யார் நினைத்தார்கள்? வெட்கம்தான் தடுத்தது. திருத்தம் போட்டால், அடுத்தவர் பெயரில் நான் எழுதினேன் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் தொடங்கிய பிறகு, போன வருடம் ஒரு நாள், அவர் ஒரு தாளோடு வந்தார். மூன்று வருடம் கழித்து அவர் எழுதிய முதல் பக்கம். மேலே 'திருத்தம்' என்று எழுதியிருந்தது. என்னைப் பற்றியதுதான் என்று நினைத்தேன். ஆனால் அது வேறு. முன்பு எப்போதோ, மீஞ்சூரில் நர்ஸாக இருக்கும் கலைவாணி எழுதிய 'இடது கையில போடுங்க' என்ற நினைவுக் குறிப்புகளை அவர் 'வெறும் புலம்பல்' என்று எழுதியிருந்தார். ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்வதாக முன்னூறு இடத்தில் வருகிறது, சலிப்பு என்று. "நான் தப்பா பாத்துட்டேன் பாய்" என்றார். "வார்டுல படுத்துகினு கேட்டேன். வர்றவன் அத்தினி பேரும் அதான் சொல்றான். நானும் அதான் சொன்னேன். சோத்துக் கை நாளைக்கு வேலைக்கு வேணுமே. அந்தம்மா எழுதினது சரி. எனக்குத்தான் அப்ப கை நல்லா இருந்துச்சி, புரியல."

பத்திரிகையில் போட்டால் மட்டும் போதாது, நேரில் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறி இருவரும் மீஞ்சூர் போனோம். கலைவாணி டியூட்டி முடித்து வந்து சமைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியோடு வெளியே வந்து, "ஐயோ, அத நான் எப்பவோ மறந்துட்டேன் சார்" என்றார். "நான் மறக்கலம்மா" என்றார் ஏகாம்பரம். அந்தப் பெண் சிரிக்கப் பார்த்து, முடியாமல், உள்ளே போய்விட்டார். பிறகு எங்களைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். இவருக்கென்று தனியாக உப்பில்லாமல் ஒரு கூட்டு செய்தார்.

திரும்பும் வண்டியில் கூட்டமில்லை. ஜன்னலில் வள்ளூர்ப் புகைபோக்கிகள் போய்க்கொண்டிருந்தன. ஏகாம்பரம் களைத்திருந்தார். ஆனால் ஏதோ பாரத்தை இறக்கி வைத்தவர் போல முகம் தெளிவாக இருந்தது. என் பக்கம் திரும்பி, "எனுது போட்டுட்டேன் பாய். ஒனுது எப்ப?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியில் எனக்காக அவர் பட்ட கவலைதான் இருந்தது. "அடுத்த இதழ்ல கண்டிப்பா அண்ணே" என்றேன். அடுத்த இதழில் அவருடைய திருத்தம் வந்தது. என்னுடையது வரவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது போன மாதம், வார்டில். இடது கை இயந்திரத்தில், வலது கையில் புத்தகம். ஒரு துப்பறியும் கதை. "கொலைகாரன் யாருன்னு நாப்பதாம் பக்கத்துலயே தெரிஞ்சிபோச்சி. இருந்தாலும் படிக்கிறேன். எழுதினவன் பாடுபட்டுக்கீறான்" என்றார். அவர் அப்படி மன்னித்து நான் கேட்டதே இல்லை. புதிய இதழைக் கொடுத்தேன். வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. எதுவும் கேட்கவுமில்லை. கேட்டிருக்கலாம் அவர். கேட்காமல் விட்ட அந்த நிமிடத்தை நினைத்தால்தான் இப்போது எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தத் துறைமுக நாவலைப் பற்றி அவர் அன்று எழுதித் தந்த தாள் என்னிடம் இருக்கிறது. அவருடையது என்று நான் வைத்துக்கொள்ளப்போவது அது ஒன்றுதான். அதற்கும் முன்னால், இதைச் செய்துவிடுகிறேன்.

திருத்தம்: நம் நாற்பத்தொன்பதாம் இதழில் 'பதினேழாம் எண் கிடங்கு' நாவல் பற்றி வந்த கட்டுரையின் இறுதிப் பகுதி ஏகாம்பரம் எழுதியது அல்ல. அவரைக் கேட்காமல் ஆசிரியராகிய நான் மாற்றியது. அவர் எழுதியது இது:

"இந்த நாவலை இரண்டு தடவை படித்தேன். எழுதியவர் துறைமுகத்துக்குள் போய் வந்திருக்கிறார், அது தெரிகிறது. ஆனால் மூட்டை தூக்குகிறவனின் முதுகை மட்டும்தான் பார்த்திருக்கிறார். நானூறு பக்கத்தில் எங்களில் ஒருவன் கூடச் சிரிக்கவில்லை. ஒருவன் கூடப் பொய் சொல்லவில்லை. பக்கத்து ஆளைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை. முப்பது வருடம் இவர்களோடு வேலை செய்கிறவன் நான். எங்களை நல்லவர்களாகக் காட்டியதற்கு நன்றி. மனிதர்களாகக் காட்டியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். – ஏகாம்பரம்."

அந்த நாவலைப் படித்து முடித்த அன்று எனக்கும் இதே கருத்துதான் இருந்தது. எழுதிக் கையெழுத்துப் போட அவர் இருந்தார், அழிக்க நான் இருந்தேன்.