இல்லாத நோயாளிகளின் அக்கா

அலுவலகத்தில் அவளைச் சந்தேகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கித் தரும் மென்பொருளைச் செய்கிற கம்பெனி அது. அந்த மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறதா என்று நோண்டிப் பார்த்து ஒப்புதல் கொடுப்பது அவள் வேலை. அவள் ஒப்புதல் கொடுக்காமல் ஒரு துரும்பும் வெளியே போகாது.

சோதித்துப் பார்க்க நோயாளிகள் வேண்டும். நிஜ நோயாளிகளின் விவரங்களைத் தொடக் கூடாது என்பது கறாரான விதி. அதனால் பல வருஷமாக அவளே உட்கார்ந்து ஆட்களை உண்டாக்கிக்கொண்டிருந்தாள். ஒரே போன் நம்பர் வைத்திருக்கும் இரட்டையர், நாளைக்குத்தான் பிறக்கப்போகும் கிழவர், ஒரே நாளில் நாலு டாக்டரிடம் நேரம் கேட்கும் பெண்மணி என்று கம்ப்யூட்டரைத் தடுக்கி விழவைப்பதற்கென்றே பிறந்தவர்கள். “நீ பெத்தது ஒண்ணு, டைப் அடிச்சுப் பெத்தது ஊர்ப்பட்டது” என்பார் கணவர்.

இந்த வருஷம் தாடி அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டான். தாடி அதே அறையில் புரோகிராம் எழுதுகிறவன். கெட்டிக்காரன், அவளுடைய சாப்பாட்டு டப்பாவில் பாதி உரிமை உள்ளவன். கண் மருத்துவமனை ஒன்று தன் பழைய பதிவுகளை அவனுடைய இயந்திரம் மட்டும் படித்துப் பார்க்க அனுமதித்திருந்தது. மனிதர்களின் போக்கை அது கற்றுக்கொள்ளும், பிறகு யாருமே இல்லாத புது ஆட்களைத் தானாக உண்டாக்கும், சோதனைகளும் தானாக ஓடும் என்று விளக்கினான். கேட்டபோது அவளுக்கு வயிற்றெரிச்சல்தான். அதனால் முதலில் தன் சந்தேகத்தையே அவள் சந்தேகப்பட்டாள்.

ஆனால் அந்த ஆட்கள் உறுத்திக்கொண்டே இருந்தார்கள். பெயர், வயது, நம்பர் எல்லாம் இயந்திரத்தனமாகத்தான் இருந்தன. கடைசியில் இருந்த குறிப்புக் கட்டம்தான் வேறு மாதிரி இருந்தது. ‘போன தடவை பார்த்த டாக்டர் வேண்டாம், அவர் கை நடுங்குகிறது’ என்றிருந்தது ஒன்றில். இன்னொன்றில் ‘தம்பி கூட்டிவந்தால்தான் வருவேன், அவனோ பேசுவதில்லை.’

“இதெல்லாம் மெஷின் சொல்லுதா?” என்று கேட்டாள்.

“அதுதான்கா விஷயமே. மனுஷங்க மாதிரியே பேசக் கத்துக்கிச்சு.”

“மாதிரியா?”

தாடி சிரித்துக்கொண்டே அவள் டப்பாவைத் திறந்தான். மறுநாள் வேறொரு மருத்துவமனையின் ஆட்கள் வருகிறார்கள், பெரிய திரையில் எல்லாவற்றையும் காட்டப்போகிறார்கள், காலையில் அவள் ஒப்புதல் வேண்டும் என்றான்.

அன்று சாயங்காலம் கிளம்புவதற்கு முன் இன்னும் சில ஆட்களைத் திறந்து பார்த்தாள். வயது இருபத்திரண்டு என்று போட்ட ஒரு இளைஞனின் குறிப்பில் இப்படி இருந்தது: ‘இரண்டாவது நம்பருக்குக் கூப்பிட வேண்டாம். அது மருமகள். கேள்வி கேட்டே கொன்றுவிடுவாள்.’

இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு ஏது மருமகள்? அதைவிட, கடைசி வாக்கியத்தை அவள் வாரம் ஒருமுறையாவது தன் வீட்டுச் சமையலறையில் கேட்டிருக்கிறாள். கண்ணாடி மாற்றுவதற்காக மாமியாரை ஒருமுறை அந்தக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், இரண்டாவது நம்பராகத் தன்னுடையதைக் கொடுத்தவளும் அவள்தான்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். மாமியார் டம்ளருக்குள் விரலை விட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். டிவியை நேராகப் பார்க்காமல் தலையைச் சாய்த்துப் பார்த்தார். இதெல்லாம் எத்தனை நாளாக நடக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாள்.

“கண் ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா அத்தை?”

“உனக்கு யாரு சொன்னா?”

இல்லை என்று சொல்லாததே போதுமாக இருந்தது. பிறகு மாமியார் தானாகவே சொன்னார். இடது கண்ணில் நடுவே மங்கலாக இருக்கிறதாம், ஊசி போட வேண்டுமென்றார்களாம். வெளியே தெரிந்தால் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொள்வீர்கள், அப்புறம் தங்கை வீட்டுக்குப் போக உங்கள் தயவுக்குக் காத்திருக்க வேண்டும் என்றார். மருமகள் தான் பார்த்த குறிப்பைச் சொன்னதும், ஆஸ்பத்திரி வரவேற்புப் பெண்ணை நம்பிச் சொன்னதையெல்லாம் அவள் அப்படியே கம்ப்யூட்டரில் தட்டிவைத்துவிட்டாளா என்று முறைத்தார்.

தட்டிவைத்தது தப்பில்லை, அது தன் கண்ணில் பட்டதுதான் தப்பு என்று மருமகள் விளக்கினாள். நாளைக்கு இதை முன்பின் தெரியாதவர்கள் பார்க்கப்போகிறார்கள், இன்னும் எத்தனையோ பேருடையதும் அதில் இருக்கும். நிறுத்தலாம், ஆனால் வெறும் சந்தேகம் என்றால் அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். இது நிஜமான ஆள், எனக்குத் தெரியும் என்று சொல்லியாக வேண்டும்.

இது தன்னை மடக்கப் போட்ட திட்டமோ என்பதுபோல் மாமியார் ஒரு பார்வை பார்த்தார்.

“பேரைச் சொல்லாதே, மாமியார்னு சொல்லிக்கோ. உன் புருஷன்கிட்ட நானே சொல்றேன்.”

காலையில் அந்தக் குறிப்புகள் நிஜ ஆட்களுடையவை என்று அவள் சொன்னதைத் தாடி ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் உலகத்தில் எல்லா மாமியாரும் இதைத்தான் சொல்வார்கள் என்றான். அவள் குரலை உயர்த்தவில்லை.

“அது என் மாமியார். நேத்து ராத்திரி கேட்டுட்டேன்.”

தாடி தான் எழுதியதைத் திறந்து வரிவரியாகப் பார்த்தான். பெயர், வயது, நம்பர் எல்லாவற்றையும் இயந்திரம் புதிதாகத்தான் உண்டாக்கியிருந்தது. குறிப்புக் கட்டத்தை மட்டும் பழைய பதிவுகளிலிருந்து அப்படியே எடுத்து ஆள் மாற்றிக் கலைத்துப் போட்டிருந்தான். அவள் படைத்த ஆட்களை வைத்துத்தான் அவன் முதலில் பழகினான், அவர்களில் ஒருவருக்கும் அவள் குறிப்பே எழுதியதில்லை. அதனால் அங்கே யாரும் எதுவும் எழுத மாட்டார்கள் என்று நினைத்து அப்படியே விட்டவன், பிறகு அதை மறந்தே போனானாம். அதைக் கேட்டு அவளுக்கு அவனை முழுசாகத் திட்டவும் வாய் வரவில்லை. ஒப்புதல் கொடுக்கவில்லை. காட்சி தள்ளிப்போனது, கண் மருத்துவமனையிடம் நடந்ததைச் சொன்னார்கள், குறிப்புகளை எல்லாம் அழித்தார்கள். தாடிக்கு மேலிடத்தில் நல்ல டோஸ் கிடைத்தது.

சாயங்காலம் வீட்டில் கணவர் கத்தி ஓய்ந்திருந்தார், ஊசிக்கு நாளும் குறித்தாயிற்று. அவள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“வேற யாரெல்லாம் என்னென்ன சொல்லி வச்சிருக்காங்க?”

“சொல்ல மாட்டேன் அத்தை.”

“தெருவுல தெரிஞ்சவங்க யாராவது?”

“சொல்ல மாட்டேன்.”

“உன் ஆபீஸ்ல என்னைப் பத்திக் கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவியா?”

அவள் ஆமாம் என்றாள். நம்பலாமா வேண்டாமா என்று மாமியார் தலையைச் சாய்த்து, நல்ல கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.