பாறையில் விரித்த பாய்

என் உடம்பில் மிளகளவு கறுத்த பொருக்கு ஒன்று இருந்ததை ஏழு நாட்கள் இரண்டு மருத்துவர்களிடமும் என் மனைவியிடமும் மறைத்தேன். காரணம் அது இருந்த இடம். இடதுதொடை இடுப்போடு சேரும் மடிப்பு; அதற்கும் சற்று உள்ளே. ஐம்பத்து மூன்று வயது, வரலாற்று ஆசிரியர், சபைக் கமிட்டி உறுப்பினர். இப்படிப்பட்ட ஒருவன் வேட்டியை அவிழ்த்துக் காட்டுவதைவிடக் காய்ச்சலோடு கிடப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்போது காய்ச்சல் இருந்தால் மீதியை அப்புறம் படியுங்கள். முதலில் ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துங்கள்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் சபை. வருடத்துக்கொரு முறை மலையில் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்பு ஒன்றுக்கு மூன்று நாள் ஊழியம் போவது வழக்கம். பேச்சிப்பாறை அணையைத் தாண்டி ஜீப் போகும் மட்டும் ஜீப், பிறகு நடை. இந்த முறை நான்கு பேர் போனோம்: நான், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஏசுவடியான் அண்ணன், வாலிபர் சங்கத்திலிருந்து இரண்டு பேர். கையில் போர்வைக் கட்டு, பிஸ்கட் பெட்டி, ஒரு புளூடூத் ஒலிபெருக்கி. அந்தக் குடியிருப்பில் பாதிப்பேர் எங்களுக்கு முன்பே கிறிஸ்தவர்கள் என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. எங்களை வரவேற்ற மாதவன் காணி போர்வையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “போன மாசமும் ஒரு கூட்டம் வந்தாவ, சாரே. அவியளும் போர்வதான் தந்தாவ.”

ஜெபக்கூட்டத்துக்காக அவர் ஒரு தட்டைப் பாறையின் மேல் பாய் விரித்திருந்தார். “புல்லில இரியாதீங்க. செள்ளு உண்டு” என்றார். செள்ளு என்றால் உண்ணி வகைப் பூச்சி. ஏசுவடியான் அண்ணன் பேசாமல் போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். “அண்ணே, நம்ம பாயில இருந்துகிட்டு அவங்களத் தரையில இருத்தினா போட்டோ எப்படி இருக்கும்? கொஞ்சம் தாழ்மையா இருப்போம்.” அண்ணன் எழுந்து வந்து என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார். குடியிருப்பு மக்கள் அறிவோடு பாயில் உட்கார்ந்துகொண்டார்கள். வாலிபர் இரண்டு பேரும் படம் எடுப்பதற்காக நின்றுகொண்டே இருந்தார்கள். நால்வரில் அவர்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஊர் திரும்பிப் பதினோராவது நாள், ஒரு புதன்கிழமை, குளிர் வந்தது. கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணியடிப்பதுபோல் தலைவலி. அன்று குளிக்கும்போதுதான் பொருக்கைப் பார்த்தேன். வலி இல்லை, அரிப்பு இல்லை. பீடி நெருப்புப் பட்டு ஆறிய புண்போல் நடுவில் கறுத்து, சுற்றிச் சிவந்து இருந்தது. வேட்டி உரசியிருக்கும் என்று தீர்ப்பு எழுதி வழக்கை முடித்தேன்.

வியாழக்கிழமை பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, எலிக்காய்ச்சல் இல்லை. பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) மட்டும் குறைந்திருந்தது. காட்டுக்குப் போனேன் என்று பெருமையாகவே சொன்னேன். மருத்துவர் நிமிர்ந்து, “உடம்புல எங்கயாவது புண்ணு, பொருக்கு?” என்று கேட்டார். அவருக்குப் பின்னால் தட்டோடு நின்ற செவிலிப் பெண் சிரித்தாள். “என்னத் தெரியுதா சாரே? எட்டாம் கிளாஸில பானிபட் போருக்கு உங்ககிட்ட அடி வாங்கினவளாக்கும்.”

“புண்ணா? அப்படி ஒண்ணும் இல்லை, டாக்டர்” என்றேன்.

சனிக்கிழமை வேறொரு மருத்துவர் அதே கேள்வியைக் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். வரலாற்று ஆசிரியனுக்கு ஒரே பொய்யைத் திரும்பச் சொல்வதில் நல்ல பயிற்சி உண்டு.

மருத்துவமனையில் சேருங்கள் என்று மனைவி சுகந்தி கெஞ்சினாள். ஞாயிற்றுக்கிழமை சாட்சி இருக்கிறதே என்றேன். ஊழியம் போய் வந்தவர்கள் சபை முன்னால் நின்று, ஆண்டவர் எப்படிக் காத்தார் என்று சொல்ல வேண்டும். அது எங்கள் முறை. காத்தார் என்று சொல்ல வேண்டியவன் குளுக்கோஸ் பாட்டிலோடு படுத்துக் கிடந்தால் சபை யாரை நம்பும்? இரண்டு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு மேடையில் ஏறினேன். பின்னால் திரையில், வாலிபர்கள் எடுத்த புல்தரைப் படம். “எங்களில் ஒருவருக்கும் ஒரு முள்கூடத் தைக்கவில்லை” என்றேன். மூன்றாம் பெஞ்சில் ஏசுவடியான் அண்ணன் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்திரை வெயிலில் இந்த மனிதருக்கு எதற்குச் சால்வை என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த வாக்கியம் நன்றாக வந்ததால் அதை விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மூச்சு இரைத்தது. நாகர்கோவிலில் ஒரு பெரிய மருத்துவமனை. சக்கர நாற்காலியில் என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது, தாழ்வாரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக என் மேல் வந்து போயின. அங்கிருந்த மருத்துவர் என் மகள் வயதுப் பெண். கேள்வியே கேட்கவில்லை. “உடம்பு முழுக்கப் பாக்கணும், சார்” என்றார். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“சார், உங்க மரியாதைய நான் வெளியில சொல்ல மாட்டேன். கைய எடுங்க.”

எடுத்தேன். அவர் பார்க்கப் பத்து விநாடிகூட ஆகவில்லை. “ஸ்க்ரப் டைஃபஸ் (புல்லிலும் புதரிலும் இருக்கும் நுண்ணிய பூச்சி கடிப்பதால் வரும் காய்ச்சல்). இந்தப் பொருக்கை முதல் நாளே காட்டியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.” டாக்சிசைக்ளின் (பழைய, மலிவான நுண்ணுயிர்க்கொல்லி மருந்து) எழுதினார். பிறகு கேட்டார்: “உங்ககூட வந்தவங்க யாருக்காவது காய்ச்சல் இருக்கா?”

சுகந்தி ஏசுவடியான் அண்ணன் வீட்டுக்கு போன் செய்தாள். எடுத்தவர் அவர் மனைவி லில்லி அக்கா. அண்ணனுக்கு முந்தின செவ்வாயிலிருந்தே காய்ச்சல். சுக்குக் கஷாயம். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று இழுத்தாலும் வரவில்லை. “சாரு சபையில நிண்ணு ஒண்ணும் ஆவலைண்ணு சொல்லியாச்சு. இனி நான் போய் ஆஸ்பத்திரியில கெடந்தா சாருக்குல்லா கொறச்சிலு” என்று சொன்னாராம்.

அன்று மாலையே கொண்டுவந்து என் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். அறுபத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. நுரையீரலில் நீர் கோத்திருந்தது, சிறுநீர் நின்றிருந்தது. எங்கள் நடுவில் ஒரு பச்சைத் திரை. மறுநாள் காலையில் மருத்துவர் வந்து போன பிறகு திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து பேசியதால் துண்டு துண்டாக வந்தது.

“சாருக்கு... எங்க கடிச்சு?”

சொன்னேன். ஏழு நாள் காத்த ரகசியத்தை, வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்க நேரமானது.

“எனக்கு முதுகுல. எனக்கே தெரியாது. யாராவது சொல்லியிருந்தா... சட்டையக் கழத்திக் காட்டியிருப்பேன். எனக்கு என்ன வெக்கம்?”

அதன் பிறகு அவர் பேசவில்லை. மாலையில் செயற்கைச் சுவாசக் கருவி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை நண்பகல், என் காய்ச்சல் முதல்முறையாக இறங்கியிருந்த நேரத்தில், திரைக்கு அந்தப் பக்கம் கருவியின் சத்தம் நின்றது. செவிலி எனக்குக் கஞ்சி கொண்டுவந்தார். குடித்தேன். பசி இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் புல்தரைப் படம்தான்.

நான் வீடு திரும்பிச் சில மாதங்கள் ஆகின்றன. முடி கொட்டி முளைத்திருக்கிறது. இடது காதில் ஓர் இரைச்சல் தங்கிவிட்டது. பிரசங்கம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. பொருக்கு இருந்த இடத்தில் வெளிறிய ஒரு வட்டம். தினமும் பார்க்கிறேன். ஐம்பத்து மூன்று வருடம் என்னோடு இருந்த உடம்பில் நான் ஒருமுறைகூடப் போகாத ஊர்கள் எத்தனை இருந்திருக்கின்றன. காலமும் மாறிவிட்டது. வாரக்கணக்கு போய்விட்டது. எங்கே உட்கார்ந்தாலும் மனம் பதினோராம் நாளை எண்ணுகிறது. இன்று செய்ததற்கு இன்றே ஒன்றும் ஆகவில்லை என்றால் தப்பித்தேன் என்று நான் இப்போது நம்புவதில்லை.

போன வாரம் லில்லி அக்கா வீட்டுக்குப் போனேன். பாயிலிருந்து அண்ணனை இழுத்தது நான், பொருக்கை மறைத்தது நான், முதல் மருத்துவரிடமே காட்டியிருந்தால் அண்ணனுக்கு ஐந்து நாள் முன்பே மருந்து கிடைத்திருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது. குரலும் சரியான இடத்தில் தழுதழுத்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

நான் முடித்த பிறகு அக்கா தம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

“சாரே, நீங்க இப்பமும் சாட்சிதான் சொல்லுதிய. சாயாவக் குடியுங்க, ஆறிப்போச்சு.”