அக்கா முட்டிக்கு அம்மா வைத்த நேர்த்தி

ஈர மாவுக்கட்டின் சுண்ணாம்பு வாசனை... இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். எனக்குப் பத்து வயது. பால் வெட்டப் போன ரோசம்மா அக்கா, மழைச் சரிவில் வாளியோடு வழுக்கி விழுந்தாள். முட்டி திருகி, பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

அம்மா அந்த நிமிடமே மாதா படத்துக்கு முன்னால் நேர்ந்துகொண்டாள்.

"மாதாவே, இவ காலு சரியாவட்டும். கோயில் வாசல்லேருந்து பீடம் வரைக்கும் முட்டிபோட்டே வருவா!"

அக்காவுக்கு வலியிலும் சிரிப்பு. "ஏம்மா, போன முட்டியையேவா நேந்துவிடுவ? வேற ஒன்னும் கெடைக்கலையா லா?"

"வாய மூடுடி. சொன்னது சொன்னதுதான்."

ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஜவ்வு பாதிதான் கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன் வேணாம்" என்றார். ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்தபோது அக்காவின் தொடை மெலிந்து கிடந்தது... அம்மா திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

அங்கிருந்த மலாய் நர்ஸ், மிஸி என்போம், அவர்தான் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். கணுக்காலில் மணல் பையைக் கட்டி, காலை நீட்டித் தூக்கி, கொஞ்ச நேரம் நிறுத்தி இறக்க வேண்டும். பத்துத் தடவை. தொடைக்குப் பலம் வந்தால்தான் முட்டி நிற்கும். இல்லையென்றால் அக்கா மறுபடி மேட்டுக்காட்டில் ஏறிப் பால் வெட்ட முடியாது.

வீட்டில் கடிகாரம் ஏது? அம்மா ஜெபமாலையை என் கையில் கொடுத்தாள். ஓர் 'அருள் நிறைந்த மரியே' முடியும்வரை கால் மேலே. மாலையில் பத்து மணி உருண்டால் பத்துத் தடவை.

நான் வேகமாகச் சொன்னால் அம்மா தலையில் குட்டுவாள். மெதுவாகச் சொன்னால் அக்கா கத்துவாள்.

"சீக்கிரம் ஆமென் சொல்லித் தொலைடி, காலு நடுங்குது!"

சில மாதத்தில் அக்கா கம்பு இல்லாமல் நடந்தாள். நேர்த்தியைப் பற்றி அம்மா மிஸியிடம் கேட்டதற்கு, "முட்டிபோட்டு நடக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு கோயில் வாசலில் அக்கா பாவாடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அம்மா தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"நீ நடந்து வா."

"அப்ப நேந்தது?"

"நேந்தது நான்தானே? என் முட்டி போதும்."

சிமெண்டுத் தரையில் அம்மா முட்டிபோட்டுப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாள்...

இப்போது அந்த ரப்பர் தோட்டம் பாமாயில் எடுக்கும் செம்பனையாகிவிட்டது. அம்மா மாதாவிடம் போய்விட்டாள். அக்கா இன்றும் மாடிப்படி ஏறுகிறாள். முட்டி வலி எனக்குத்தான். பிசியோ பெண், "ஆன்ட்டி, போன்ல டைமர் போட்டுச் செய்ங்க" என்கிறாள். நல்ல பிள்ளை.

நான் ஜெபமாலையைத்தான் எடுக்கிறேன். சில நாள் கால் நடுங்கும்போது வேகமாகச் சொல்லி முடித்துவிடுவேன்...

குட்டத்தான் ஆள் இல்லை.