தரிசு என்று எழுதியவர்

பஸ் நத்தம் ரோட்டில் திரும்பியதும் ஸ்தனிஸ்லாஸ் பக்கத்து ஆளிடம் ஜன்னலோர இடத்தைக் கேட்பார். கொடுக்காவிட்டால் அவர் மடிமேல் சாய்ந்தாவது வெளியே பார்ப்பார். அப்புறம் வாய்க்குள் முணுமுணுப்பு ஆரம்பிக்கும். "சீமக்கருவ... சீமக்கருவ... எருக்கு... இந்தா, வெள்வேலு, கூடத் தொரட்டி, அடியில ஆவாரம்..." கழுத்தில் கிடக்கும் சிலுவையைப் பார்த்துவிட்டு, மனுசன் செபமாலை சொல்கிறார் என்று நினைத்து ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்திருக்கிறார். இவரும் வெட்கமில்லாமல் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

நிலத்துக்குப் பெயர் வைப்பதுதான் அவர் தொழில். முன்பு ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தார்; நான் அங்கே அவரிடம் படித்தவன். அந்தப் பாடத்துக்குச் சேர ஆளில்லை என்று வகுப்பையே மூடிவிட்டார்கள். இப்போது சோலார் தகடு பதிக்கவோ கிடங்கு கட்டவோ இடம் வாங்குகிற கம்பெனிகள் கூப்பிடுகின்றன. நான்கு முளைக்குச்சி அடித்து, நைலான் கயிற்றைச் சதுரமாகக் கட்டி, உள்ளே எதெது நிற்கிறது, எது அதிகம், எது எதோடு சேர்ந்து நிற்கிறது என்று பார்ப்பார். இப்படி இடம் முழுக்கச் சதுரம் போட்டு முடித்த பிறகு, இது முட்புதர்க்காடு, இது புல்வெளி, இது ஈரநிலம், இது வெறும் தரிசு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் மேலே அனுமதி நகரும்.

ஒற்றை மரத்தைக் காட்டி இது என்ன சார் என்று கேட்டால் அவருக்குப் பிடிக்காது. "மரத்தத் தனியாக் கேக்காத அப்பு. பக்கத்துல யாரு நிக்கிறா, காலடியில யாரு கெடக்கா, அதச் சொல்லு முதல்ல." கல்யாண மண்டபத்திலும் இதே புத்திதான். பந்தியில் என் காதோரம் குனிந்து, "இந்தப் பக்கம் பூரா பொண்ணு வீடு. ஓரத்துல கொத்தா நிக்கிறது மாப்ள ஆபீசு. அந்த நீலச்சட்ட எதுலயும் சேரல, சாப்பாட்டுக்கு வந்தது" என்றார். பாயசம் எனக்குப் புரையேறிவிட்டது.

பள்ளமான இடத்துக்குக் கோடையில் போக நேர்ந்தால் ஒரு பை மண் எடுத்து வருவார். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் பேசினில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பார். காய்ந்த மண்ணுக்குள் எந்த விதை தூங்குகிறது என்று முளைத்தால்தானே தெரியும்? அதற்கப்புறம்தான் பெயர். அவர் மனைவி ஜெசிந்தாவுக்கு இது தீராத தலைவலி. "ஒல வைக்க அரிசி ஊறுதோ இல்லையோ, மாடியில மண்ணு ஊறிரும்" என்பார்.

போன வைகாசியில் அந்த ஒரு பை மண்ணை அவர் எடுக்கவில்லை.

சாணார்பட்டி தாண்டி, ரோட்டை விட்டு இறங்கினால் வரும் பள்ளம் அது. யாரோ கிடங்கு கட்ட வாங்கியிருந்தார்கள். சுற்றிலும் சீமைக்கருவேல், நடுவில் பாளம் பாளமாக வெடித்த மண். மிச்சம் மீதியை ஆடுகள் வேரோடு மேய்ந்து தீர்த்திருந்தன. "வெயிலு மண்டையப் பொளந்துச்சு அப்பு. வண்டிக்காரரு வேற ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருந்தாரு. இதுல என்னத்த இருக்கப்போகுதுன்னு ஒரு நெனப்பு. அம்புட்டுத்தான்." தரிசு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள், பஸ்ஸிலிருந்து அந்தப் பக்கம் பார்த்தவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கித் திரும்பி நடந்திருக்கிறார். பள்ளத்தில் முழங்கால் தண்ணீர். கரையோரம் கோரை, அதை ஒட்டி ஊதாப் பூவோடு நீர்முள்ளி, சேற்றில் ஆரைக்கீரை, உள்ளே தண்ணீர்மேல் கொட்டிக்கிழங்குச் செடியின் இலைகள். ஒன்றையும் யாரும் நடவில்லை. வைகாசியில் அவர் செருப்புக் காலோடு நடந்தபோது எல்லாம் அவருக்குக் கீழேதான் கிழங்காகவும் விதையாகவும் கிடந்திருக்கின்றன. அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை என்று ஜெசிந்தா சொன்னார்.

மறுநாள் அவர் கம்பெனிக்குப் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. "தரிசுன்னு எழுதுனதே நீங்கதான சார்? இப்ப ஈரநிலம்ங்கிறீங்க. அஞ்சாறு மாசத்துல நெலம் மாறிருச்சாக்கும்?"

"நெலம் மாறல தம்பி. நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்."

"இப்பிடி வெளிய சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்கன்னா நாளைக்கு உங்கள யாரு சார் வேலைக்குக் கூப்புடுவா?"

இருந்தும் சொல்லிக்கொண்டுதான் திரிந்தார். என் கணிப்பு தவறு, திரும்ப வந்து பாருங்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேறு கம்பெனிகளிலிருந்து வந்துகொண்டிருந்த அழைப்புகள் நின்றுபோயின. பள்ளத்தைத் தூர்க்கக் கிராவல் மண் மட்டும் வர ஆரம்பித்துவிட்டது.

போன வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பாதிப் பள்ளம் மேடாகிவிட்டிருந்தது. சிவப்பு மண் சரிவுக்கு அடியில் நீர்முள்ளி மடங்கிக் கிடந்தது. டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன; பின்னால் நிற்கும் கிளீனர் பக்கப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டியதும் கொட்டிவிட்டுப் போயின. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சும்மா நிக்கிறீங்களே சார், முன்னாடி போய் மறிங்க" என்று கத்தினேன்.

"என்னத்தச் சொல்லி மறிக்க? எங் கையெழுத்தத்தான் எடுத்து நீட்டுவாங்க" என்றார்.

அப்போது ஒரு டிப்பர், புதிதாகக் கொட்டிய மண்மேல் பின்னோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் அப்பாஸ் என்ற நடுவயதுக்காரர், வந்ததிலிருந்து எங்களுக்குச் சிரித்துக் கையசைத்துக்கொண்டிருந்தவர். தலையை வெளியே நீட்டி, "சார், கிளீனர் இன்னைக்கு வரல. ஓரம் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. செத்தப் பாத்துச் சொல்லுங்க சார்!" என்று கூவினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. பின்சக்கரத்தின் அடியில் மண் பொலபொலவென்று தண்ணீருக்குள் சரிந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஸ்தனிஸ்லாஸ் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார்.

"நில்லு! நில்லு! முன்னாடி எடு! வலது ஒடி... இன்னும் ஒடி... அப்பிடியே வா... வா... வா..."

கையை அசைத்து அசைத்து, கெட்டித் தரைமேல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இருவருக்கும் மூச்சு வாங்கியது. அப்பாஸ் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "அல்லா காப்பாத்துனான் சார்" என்றார். பிறகு கேட்டார், "இப்பக் கொட்டலாமா சார்?"

ஸ்தனிஸ்லாஸ் பள்ளத்தைப் பார்த்தார். தண்ணீர்ப் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, லாரியின் பக்கப் பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.