மலை இறக்கத்தில் கேட்காத ஹாரன்

பிரேக் இன்ஸ்பெக்டருக்கு முதல் தகுதியே சந்தேகம்தான் என்று நம்பியிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம், திருப்பத்தூரில் வேலை. லைசென்ஸ் டெஸ்டில் ஒருவன் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டால்கூட, 'இவன் லைசென்ஸ் இல்லாமலே பல வருஷம் ஓட்டியிருப்பான்' என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஜவ்வாது மலை ரோட்டில் ஒரு விபத்து. புளி மூட்டை சுமந்து வந்த காளியம்மாவை வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் இடித்து, அவருக்கு வலது கை முறிந்துவிட்டது. ஓட்டியவன் சின்னசாமி, மலைக் கிராமங்களுக்கு மருந்து கொண்டுபோகிறவன். வண்டியைச் சோதித்து நான் ரிப்போர்ட் தர வேண்டும். தப்பு அவன்மேல் என்றால் அவனுக்கு லைசென்ஸும் வேலையும் போகும். அந்த அம்மாமேல் என்றால் நஷ்டஈடு கிடைக்காது. ஒடிந்த கையோடு அவர் எப்படிப் பிழைப்பார்?

சின்னசாமி லைசென்ஸ், ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து நீட்டினான். இவ்வளவு ஒழுங்காகப் பேப்பர் வைத்திருப்பவனை நான் லேசில் நம்புவதில்லை. லைசென்ஸில் சீல் போலியா என்று உற்றுப் பார்த்தேன். அசல்தான். பிரேக் பிடித்தது. ஸ்டார்ட் செய்து அமுக்கியதும் ஹாரன் காதைக் கிழித்தது.

"ஹாரன் அடிச்சேன் சார். அந்தம்மா ஒதுங்கல," என்றான்.

மாவுக்கட்டோடு நின்ற காளியம்மா, "பொய் சொல்றான் சார். ஒரு சத்தமும் கேக்கல," என்றார்.

யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாரோ என்று அவர்மேலும் எனக்குச் சந்தேகம்.

"அன்னிக்கு எப்படி வந்தியோ, அப்படியே மேலேர்ந்து வா," என்று சின்னசாமியை அனுப்பிவிட்டு, விபத்து நடந்த வளைவில் நின்றேன். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. ஓடிவிட்டானா என்று நினைக்கும்போதே வண்டி பத்தடி தூரத்தில் வந்து நின்றது. சரளையில் சக்கரம் உரசும் சத்தம் மட்டும்தான். அவன் கட்டை விரல் ஹாரன் பட்டன்மேல் இருந்தது.

"இன்னாடா, இஞ்சினை ஏன் ஆஃப் பண்ணே?"

"எறக்கம்தானே சார். பெட்ரோல் வேணும்னா கீழ போவணும். மலையில எல்லாரும் இப்டித்தான் எறங்குவாங்க."

பேட்டரியைப் பார்த்தேன். செத்துக் கிடந்தது. இஞ்சின் ஓடினால்தான் அந்த ஹாரன் கத்தும்.

அவன் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தான். "மெய்யாலுமே அமுக்குனேன் சார்," என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது. இருவருமே பொய் சொல்லவில்லை.

காளியம்மா அவனைப் பார்த்து, "நீ அமுக்குனா போதுமா தம்பி? எனக்குக் கேக்க வேணாமா?" என்றார்.

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தபோதுதான் லைசென்ஸில் சீலுக்குக் கீழே இருந்த கையெழுத்தைக் கவனித்தேன். என்னுடையது. ஊர் மைதானத்தில் எட்டுப் போடவைத்து, கை சிக்னல் கேட்டு, பாஸ் போட்டிருக்கிறேன். மலையில் ஓட்டப்போகிறவனிடம் இறக்கத்தில் எப்படி வருவாய் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

தப்பு ஓட்டியவர்மேல் என்று எழுதினேன். இவருக்குச் சரியாக டெஸ்ட் வைக்காதவன் நான் என்றும் அடியில் எழுதினேன். காளியம்மாவுக்கு நஷ்டஈடு கிடைத்தது. சின்னசாமியின் லைசென்ஸை ரத்து செய்யாமல் ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது. என் சர்வீஸில் சந்தேகப்படாமல் நான் வாங்கிக்கொண்ட ஒரே காகிதம் அதுதான்.