கையை நீட்டுங்க

“கையை நீட்டுங்க.”

நீட்டினால் குனிந்து முகர்ந்து பார்ப்பார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் சுவரோடு பொருத்தியிருக்கும் சானிடைசரின் நெடி விரல் இடுக்குகளிலும் இருக்க வேண்டும். உள்ளங்கையில் மட்டும் இருந்தால், “ஏமாத்தாதீங்க, கட்டை விரலுக்கு ஒண்ணுமே போகலை” என்று திருப்பி அனுப்பிவிடுவார். நர்ஸுகள், ரத்தம் எடுக்க வரும் லேப் ஆள், நோயாளியின் மாமனார் என்று யாருக்கும் சலுகை கிடையாது. மோப்பக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். “வைக்கட்டுமே. கையைக் கழுவிட்டு வைக்கட்டும்.”

ஓய்வுபெற்ற நர்ஸ். வெளிநாடுகளில் வேலை பார்க்கும் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்ன அறக்கட்டளை அவரை இங்கே அமர்த்தியிருக்கிறது. சுவாச மெஷின் வாங்கித் தரும் அளவுக்கு நாங்கள் பெரியவர்கள் இல்லை. இருக்கிற மெஷின்களோடு படுத்திருப்பவர்களுக்குப் பக்கத்துக் கட்டில்காரரின் கிருமி ஒட்டாமல் பார்ப்பதுதான் எங்களால் முடிந்தது. அதாவது, மோப்பக்காவால் முடிந்தது. நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்து கவலைப்பட்டுவிட்டுப் போவோம்.

மூக்கை அவர் ஒரு கருவியைப்போலப் பராமரிக்கிறார். பவுடர் கிடையாது, வாசனை சோப்பு கிடையாது. வீட்டில் வெங்காயம் நறுக்குவது கணவர்தான். ஜலதோஷம் பிடித்தால் லீவு. “மூக்கை அடைச்சுக்கிட்டு அங்க போய் என்ன தம்பி பண்றது? பொம்மையாட்டம் நிக்கவா?” கணவருக்கு வேறு குறை. “வீட்டுக்குள்ள வந்தா என்னையும் கையை நீட்டச் சொல்றா. பொண்ணு பாக்கப் போனப்பவே என் கையை மோந்து பாத்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்!”

இந்த முறை நான் வந்தபோது ஒரு தையல்காரர் செயற்கை சுவாசத்தில் இருந்தார். தேறிக்கொண்டு வந்தார், குழாயை எடுத்துவிடலாம் என்று பேச்சு. அவர் மனைவியை மோப்பக்கா இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். “பாட்டிலே தீந்து போச்சுக்கா. இனிமே என் கைதான் கரையணும்” என்று அலுத்துக்கொண்டே அந்தப் பெண் மூன்றாம் தடவை உள்ளே போனார்.

பின்னாலேயே பெரிய டாக்டர் ஒரு பட்டாளத்தோடு வந்தார். பட்டாளத்தின் கைகள் ஒவ்வொன்றாக மூக்குக்கு வந்தன. பெரிய டாக்டரின் கை மட்டும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து மோப்பக்கா சுவரிலிருந்த பாட்டிலைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். முதல் கட்டிலில் ஒருவரின் காயத்துக் கட்டுத் துணியை ஒதுக்கிப் பார்த்த அதே கையால், அடுத்த கட்டிலில் தையல்காரரின் குழாயைப் பெரிய டாக்டர் சரிசெய்தார்.

தையல்காரரின் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெளியே வரும்போது வாசலில் நிதானித்தார்.

“ஏங்க்கா, எங்க கைதான் நாறுமா? அவரு கை மணக்குமா?”

மோப்பக்கா என்னைப் பார்த்தார். அந்த வாசலில் எங்கள் ஆள் நிற்பதே பெரிய டாக்டரின் தயவில்தான். அவர் முகம் சுளித்தால் அறக்கட்டளை மூட்டை கட்ட வேண்டியதுதான். ‘அவரை மட்டும் விட்டுடுங்கக்கா’ என்று சொல்லி வைத்திருப்பது நாங்கள்.

மறுநாள் தையல்காரருக்குக் காய்ச்சல். குழாயை எடுக்கும் பேச்சு நின்றுபோனது. கிருமி எந்தக் கையிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன், ஆறுதலாக.

“அதான் தம்பி வசதி” என்றார் மோப்பக்கா. “காலைல அந்தப் பொண்ணு பேசாம வந்து கையை நீட்டிக்கிட்டு நிக்குது. மோந்து பாக்கவே எனக்குக் கூசுது.”

பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டாளம் வந்துவிட்டது. மோப்பக்கா வாசலின் நடுவில் போய் நின்றார். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் அந்த இரண்டு வார்த்தை பெரிய டாக்டரிடம் வாய்க்கு வரவில்லை. சுவர்ப் பாட்டிலை அழுத்தித் தன் கையிலேயே விட்டுக்கொண்டார். உள்ளங்கை, விரல் இடுக்கு, கட்டை விரல் என்று நிதானமாகத் தேய்த்தார். தேய்த்த கையைப் பெரிய டாக்டரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“மோந்து பாருங்க சார்.”

பட்டாளம் நின்றது. பெரிய டாக்டர் என் பக்கம் திரும்பினார், ‘என்ன இது?’ என்பதுபோல. நான் தரையைப் பார்த்தேன். மோப்பக்காவின் கை கீழே இறங்கவில்லை.