ஞாயிற்றுக்கிழமைத் தேதியிட்ட கடிதம்

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகும் சாலையில் ஒரு தையல் கம்பெனி. அங்கே ஆறு வருடம் ஆபீஸ் வேலை பார்த்தேன். நூறு பெண்களுக்கு மேல் தைத்தார்கள். புதிதாக யார் சேர்ந்தாலும் ஆதார் நகலும் போட்டோவும் வாங்கிக்கொண்டு, கடைசியில் மூன்று வெள்ளைத் தாள்களை நீட்டி, அடியில் கையெழுத்துப் போடச் சொல்வேன்.

"இது எதுக்குங்க மேடம்?" என்று சிலர் கேட்பார்கள்.

"எல்லாருகிட்டயும் வாங்கறதுதாங்க" என்பேன். அது உண்மைதான். அதற்குமேல் நானும் யாரையும் கேட்டதில்லை. தாள்கள் முதலாளி அறையில் இருந்த இரும்பு பீரோவுக்குள் போய்விடும்.

காலர் தைக்கிற அக்கா ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஆனால் தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார். ஒருநாள் நூல்கண்டுப் பெட்டி எடுக்க ஸ்டோருக்குப் போனவர், பெட்டிகளுக்குப் பின்னால் சுவரில் ஒரு போர்டைப் பார்த்திருக்கிறார். தொழிற்சாலைச் சட்டத்தின் சுருக்கம். தொழிலாளர்கள் கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டியது. அதை செல்போனில் படம் எடுத்து, சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். பிறகு என்னிடம் வந்தார்.

"வாரத்துல ஒரு நாள் லீவு குடுக்கணும், கூடுதல் வேலைக்கு ரெட்டச் சம்பளம்னு போட்டிருக்குதுங்க மேடம். ஞாயித்துக்கெழம வந்தா நமக்கு ஒத்தச் சம்பளந்தானுங்களே வருது?"

"மொதலாளி சாரத்தான் கேக்கணுங்க்கா."

"நானே கேக்கறனுங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் கைரேகை மெஷினை அணைத்து வைத்துவிட்டுத்தான் வேலை நடக்கும். ரெக்கார்டில் அன்று கம்பெனி விடுமுறை.

முதலாளி கோபப்படவில்லை. அக்காவை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். "போர்டெல்லாம் படிக்கறீங்களா, நல்லதுங்க. பாக்கலாம்" என்றார். அக்கா சந்தோஷமாகத் திரும்பிப் போனார். மறுநாள் காலை ஸ்டோர் சுவரில் போர்டைக் காணோம்.

அதற்கு அடுத்த நாள், ஒரு புதன்கிழமை, என்னை உள்ளே கூப்பிட்டார். மேஜையில் அக்காவின் வெள்ளைத் தாள் ஒன்று இருந்தது. அடியில் நீல மையில் அந்தக் குண்டெழுத்துக் கையெழுத்து.

"குடும்பச் சூழ்நிலையால வேலைய விட்டு நின்னுக்கறேன்னு அடிச்சுக் குடும்மா. போன வாரத் தேதி ஏதாவது போட்டுக்க."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். கையெழுத்துக்கு மேலே எழுத்து சரியாக விழவேண்டும் என்று தாளை அளந்து வைத்து அடித்தேன். தேதி போடும்போது காலண்டரைப் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமையின் தேதியைப் போட்டேன். தெரிந்துதான் போட்டேன். அதே தேதியில் கம்பெனியின் 'பெறப்பட்டது' முத்திரையையும் ஓரத்தில் வைத்தேன்.

வியாழக்கிழமை காலை வாட்ச்மேன் அக்காவை கேட்டிலேயே நிறுத்திவிட்டார். என் செல்போன் அடித்தது.

"நான் எப்பங்க மேடம் எழுதிக் குடுத்தேன்? நீங்களாவது சொல்லுங்க."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாலை ஓரம் டிபன் பையோடு நின்றிருந்தார். போனை வைத்துவிட்டேன்.

சங்கம் எதுவும் இல்லாவிட்டாலும், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் தனியாகவே தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாமாம். அது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு மாதம் கழித்து தர்மபுரியில் சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். கடிதத்தை வாங்கியவள் என்ற முறையில் என்னையும் முதலாளி காரில் ஏற்றிக்கொண்டார்.

அதிகாரி ஒரு பெண். கடிதத்தை இரண்டு முறை படித்தார். செல்போனை எடுத்து ஏதோ பார்த்தார்.

"இந்தத் தேதி ஞாயித்துக்கிழமைங்களே. ஞாயிறு வேலை உண்டுங்களா?"

"இல்லைங்க மேடம். ஞாயிறு லீவு. மெஷின் ரெக்கார்டே இருக்குதுங்க" என்றார் முதலாளி.

"அப்ப பூட்டின ஆபீஸ்ல கடிதத்த வாங்கினது யாரு?"

முதலாளி வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னார். "பூட்டலைங்க மேடம். அன்னிக்கு நான் காலர் தச்சிட்டிருந்தனுங்க. இவங்களும் ஆபீஸ்லதான் இருந்தாங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இந்தக் கையெழுத்து எப்பம்மா போட்டது?"

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. முதலாளி என்னைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலைக்குச் சேரும்போதுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அதிகம் பேச்சு இல்லை. அக்காவைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், வெளியே நின்ற நாட்களுக்குச் சம்பளம் தருவதாகவும் முதலாளி எழுதிக் கொடுத்தார். கீழே வந்ததும் எனக்காகக் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். ஏறி உட்கார்ந்தேன்.

பாலக்கோட்டில் கம்பெனிப் பக்கம் திரும்பாமல் கார் வேறு தெருவுக்குள் நுழைந்தது. யாரிடமும் வழி கேட்காமல் எங்கள் வாசலில் நின்றது. நான் அவருக்கு என் வீட்டைக் காட்டியதே இல்லை.

"வூடு இதுதானே? அப்பாவுக்கு ஒடம்பு தேவலையாம்மா?" என்றார். அப்பா படுக்கையில் இருப்பதையும் நான் சொன்னதில்லை.

என்னை அவர் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. என் மேஜையைத் தன் கண்ணாடி அறைக்குள், தனக்கு எதிரே போடச் செய்தார். செய்ய வேலை எதுவும் தரவில்லை. காலையிலிருந்து மாலைவரை சும்மா உட்கார்ந்திருப்பேன். நிமிரும்போதெல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அரசு ஆட்கள் சோதனைக்கு வந்த நாளில், வெள்ளைத் தாள்கள் இருந்த பீரோ காலியாக இருந்தது. ஞாயிறு வேலை நின்றது. அந்தச் சம்பளமும் நின்றதால் சில பெண்கள் அக்காவோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டார்கள். மூன்று மாதம் தாங்கினேன். பிறகு நானாகவே விலகி, ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன்.

போன மாதம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். இளைத்திருந்தார். என்மேல் கோபமா என்று கேட்க நினைத்தேன். அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப புதுசா வர்றவங்கள வேற ஏதோ கம்பெனி பேர்ல சேக்கறாங்க மேடம். காண்ட்ராக்டாம். மூணு மாசம் ஆனா அனுப்பிடறாங்க. எங்களையும் அதுக்கு மாத்தப் போறாங்கன்னு பேசிக்கறாங்க. அப்படி மாத்தலாமுங்களா?"

"எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க்கா. மொதல்ல தர்மபுரி ஆபீஸ்ல கேட்டுருங்க" என்றேன்.

"கேட்டனுங்க. அந்த மேடத்த வேற ஊருக்கு மாத்திட்டாங்களாம்" என்றார்.

அதற்குள் மாரண்டஹள்ளி பஸ் வந்துவிட்டது. கூட்டத்தோடு கூட்டமாக ஏறிப் போய்விட்டார்.